சாந்தா றொசாலியாவுக்கு ஒரு பதக்கம்

ஸ்காபறோ
18 செப்டெம்பர் 2023

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் பெறாமகள் கேசிகா எழுதுகிறேன். அம்மா போன பிறகு உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. நான்கு வருடமாகிவிட்டது. செத்தவீட்டுக்கு நீங்கள் வரவில்லை என்று மனதுக்குள் கோபம் வைத்திருந்தேன். விசா கிடைக்காத ஆளோடு கோபித்து என்ன பயன் என்று இப்போதுதான் விளங்குகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நாங்கள் "சாப்பிட்டியோ, குளிரோ" என்று கேட்டு முடித்துவிடுவோம். மற்றது, என் தலை. அடிபட்டு ஏழு வருடம் கழித்தும் எந்தத் திரையையும் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியாது. தலையிடி வந்தால் அன்றைய நாள் அவ்வளவுதான். அதனால்தான் பூக்கன்று விற்கும் ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறேன். கன்றுகளுக்குத் திரை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பதினொரு வருடம் ஐஸ் ஹொக்கி விளையாடிய கழகம், வருகிற மார்ச் இரண்டாம் திகதி என் இருபத்தேழாம் இலக்கச் சட்டையை அரங்கின் கூரையில் தொங்கவிடப் போகிறது. இனி அந்த இலக்கத்தை வேறு யாரும் போடமாட்டார்கள். நான் நாலு நிமிடம் பேசவேண்டும். எல்லோரும் பெற்றோருக்கு நன்றி சொல்வார்கள். அம்மாவைப் பற்றி நான் என்ன சொல்வது? பதினொரு வருடத்தில் முதல் ஆட்டத்துக்கு மட்டும்தான் உள்ளே வந்தா. அதற்குப் பிறகு ஒருநாளும் வரவில்லை. மூன்று முறை சம்பியன் ஆனபோதும் வரவில்லை.

போன கிழமை அம்மாவின் சீலைப் பெட்டியைத் திறந்தேன். அடியில் உங்கள் கடிதங்கள் இருந்தன. 2016 பெப்ரவரி 21 என்று திகதியிட்ட ஒன்றில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "நீ சொன்னபடியே மலைக்குப் போய் நேர்த்தி வைத்துவிட்டேன். பிள்ளைக்கு மட்டும் சொல்லாதே."

அந்தப் பிள்ளை நான்தான். அதற்குச் சரியாக நாலு கிழமை கழித்துத்தான் என் கடைசி ஆட்டம். என்ன நேர்த்தி வைத்தீர்கள், பெரியம்மா?

கேசிகா


பலேர்மோ
9 ஒக்டோபர் 2023

என் பெறாமகளுக்கு,

கையால் முகவரி எழுதிய உறையைக் கண்டதும் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்து, கதிரையில் இருந்துதான் உடைத்தேன். நீ உயிரோடு இருக்கிறாய், அதோடு கேள்வியும் கேட்கிறாய். சந்தோஷம். கோபத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. உன் அம்மாவோடு நான் எத்தனை வருடம் கோபித்துக் கதைக்காமல் இருந்திருக்கிறேன் தெரியுமா?

நான் இன்னும் ஒரேத்தோத் தெருவில்தான் இருக்கிறேன். வேலையும் அதே இடம், கால்சாப் பக்கம் எசமானி சின்யோராவின் வீடு. அவவுக்கு இப்போது தொண்ணூற்றிரண்டு வயது. உன் பெயரைச் சொன்னேன். "நடைவழியில் சில்லு உருட்டியவளா?" என்று கேட்டா. நேற்று என்ன சாப்பிட்டா என்று கேட்டால் தெரியாது, இது ஞாபகம் இருக்கிறது.

உன் கேள்விக்கு ஒரு பாதி பதில் சொல்கிறேன். நேர்த்தி, உன்னுடைய பதக்கம் ஒன்றை, மலைக் குகையில் இருக்கிற இந்த ஊர்க் காவல் புனிதை சாந்தா றொசாலியாவின் காலடியில் வைப்பது. நாங்கள் சைவம்தான், ஆனால் இந்த ஊரில் இருக்கிற தமிழ்ச்சனம் சைவமோ கிறிஸ்தவமோ, மனதில் பாரம் என்றால் அந்த மலைக்குத்தான் ஏறும். நீயும் கனடாவுக்குப் போகமுதல், சின்னனில் என் இடுப்பில் இருந்து ஏறியவள்தான். குகைக்குள் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, கூரை ஒழுகுது, ஆளைக் கூப்பிடுங்கோ என்று சத்தம் போட்டாய்.

மற்றப் பாதியைச் சொல்லமுதல் எனக்கும் கேள்விகள் இருக்கின்றன. ஒரு கேள்விக்கு ஒரு கேள்வி. இதுதான் ஒப்பந்தம்.

கீழ்வீட்டு ஜெசிக்காவிடம் உன் பெயரை நெற்றில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பதினொரு வருடத்தில் ஒன்பது கோல் என்று போட்டிருக்கிறதாம். ஜெசிக்கா திரும்பவும் பார்த்தாள், ஒன்பதுதான். பிள்ளை, கோபிக்காதே. வருடத்துக்கு ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. இதற்கா சட்டையைக் கூரையில் தொங்கவிடுகிறார்கள்? நீ அங்கே என்னதான் செய்தாய்? உன் அம்மா "டிபென்ஸ்" என்று சொல்லுவாள், நானும் ஓம் ஓம் என்று கேட்பேன். இரண்டு பேருக்கும் அது என்னவென்று தெரியாது.

வடிவாக எழுது. நான் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை.

பெரியம்மா யோகாம்பாள்


ஸ்காபறோ
30 ஒக்டோபர் 2023

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஒன்பது கோலைப் பற்றி இப்படி நேராகக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். வாசித்துவிட்டுத் தோட்டத்தில் நின்று தனியாகச் சிரித்தேன்.

ஐஸில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், அதோடு கோல் காக்கிறவள் ஒருத்தி. முன்னுக்கு மூன்று பேர் கோல் போடப் போவார்கள். பின்னுக்கு நிற்கிற இரண்டு பேரில் நான் ஒருத்தி. எதிரணிக்காரி பக்கைத் தள்ளிக்கொண்டு வருவாள். பக் என்பது கறுப்பு றப்பர் வட்டு. நான் அவளைப் பார்த்தபடி பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே போகவேண்டும். பக்கைப் பார்க்கக்கூடாது, அவளின் நெஞ்சைப் பார்க்கவேண்டும். கண்ணும் கையும் பொய் சொல்லும். நெஞ்சு போகிற பக்கம்தான் ஆள் போவாள். மெல்ல மெல்ல அவளைச் சுவர்ப்பக்கம் ஒதுக்கினால் கடைசியில் அவளுக்கு அடிக்க இடமே இருக்காது. அவ்வளவுதான். யாரும் கைதட்டமாட்டார்கள், ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. நான் நடக்கவிடாத கோல்களை எங்கேயும் எழுதிவைப்பதில்லை. ஜெசிக்காவின் போனிலும் இருக்காது.

இன்னொன்று. பின்பக்கமாகப் போகும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது. திரும்புகிற நேரத்தில் அவள் தாண்டிவிடுவாள். கோல் எங்கே இருக்கிறது என்று முதுகுக்குத் தெரியவேண்டும். "இருபத்தேழு திரும்பிப் பார்க்காது" என்று எங்கள் பயிற்சியாளர் புதுப்பிள்ளைகளுக்குச் சொல்லுவார்.

இதை நான் கனடாவில் பழகவில்லை. சின்யோராவின் மகள் கழித்துவிட்ட சில்லுச் சப்பாத்தோடு அந்த நீள நடைவழியில் பழகினேன். நீங்கள் குசினி வாசலில் நின்று வேலை செய்வீர்கள். நான் முகத்தைத் திருப்பினால் "எங்கை போறாய்?" என்று கத்துவீர்கள். அதனால் உங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாகப் போகப் பழகினேன். முடிவில் கண்ணாடி அலுமாரி, அதற்குள் சின்யோராவின் பீங்கான் எல்லாம் இருந்தது. ஒரு கோப்பைகூட உடையவில்லை.

இப்போது பதக்கம். மூன்று தங்கப் பதக்கங்களும் கழகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விட்டன. அதுவும் போக, 2016இல் நாங்கள் இறுதி ஆட்டத்தில் தோற்றோம். நான் அரையிறுதியில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நீங்கள் வெற்றிக்காக நேர்த்தி வைத்திருந்தால் அது பலிக்கவில்லை. பலிக்காத நேர்த்திக்குப் பதக்கம் கேட்க சாந்தா றொசாலியாவுக்கு உரிமை இல்லை.

என் கேள்வி: அம்மா ஏன் வரவில்லை? அவவுக்கு என் விளையாட்டு வெட்கமாக இருந்ததா?

கேசிகா


பலேர்மோ
21 நவம்பர் 2023

பிள்ளைக்கு,

வழக்குப் பேசுவதில் நீ உன் அம்மாவையும் வென்றுவிட்டாய். சாந்தா றொசாலியாவின் வழக்கைப் பிறகு பார்ப்போம்.

வெட்கமா? குகனேஸ்வரிக்கா? நான் மூன்று நாளாக இந்தக் கடிதத்தைத் தொடங்கிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியவள். ஆனால் சத்தியம் வாங்கினவள் போய்விட்டாள், நீ இதைத் தெரியாமல் மேடையில் ஏறினால் எனக்குத்தான் பாவம்.

முதல் வருடம், முதல் ஆட்டத்துக்கு உன் அம்மா வந்தாள். முன் வாங்கில் இருந்தாள். உனக்கு அன்றைக்குத் தோள் எலும்பு முறிந்தது. அன்றிரவு எனக்குப் போன் எடுத்து அழுதாள். "என்ரை கண்தான் அக்கா. நான் பாத்துக்கொண்டிருந்தனான். என்ரை பிள்ளை எப்பிடிப் போறாள் எண்டு வாயைத் திறந்துகொண்டு பாத்தனான். என்ரை கண்தான் பட்டது." கண்ணூறு கழிக்கிற வயதில் உனக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டதெல்லாம் ஊரார் கண்ணுக்கு. பெற்றவளின் கண்ணுக்கு என்ன செய்வது? இனிப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

ஆனால் வராமல் இருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். அரங்குக்கு வெளியே, கார் நிறுத்துகிற இடத்தில், காருக்குள் இருந்தாள். அங்கே பகல் இரண்டு மணி, இங்கே இரவு எட்டு, சின்யோராவின் சாப்பாட்டு நேரம். போன் அட்டை போட்டு எனக்கு எடுப்பாள். நான் தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவுவேன். இரண்டு பேரும் கட்டடத்துக்குள்ளிருந்து வரும் அந்தப் பெரிய ஊதல் சத்தத்துக்குக் காது குடுத்துக்கொண்டிருப்போம். அது ஊதினால் உங்கள் பக்கம் கோல் வாங்கிவிட்டது, அல்லது யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைப்போம். ஊதக்கூடாது பிள்ளையாரே என்று இரண்டு பேரும் கும்பிடுவோம். ஊதாத நாளில் உன் அம்மா சந்தோஷமாக இருப்பாள். பதினொரு வருடம் கும்பிட்டோம்.

இன்னொன்றும் இருக்கிறது. கழகம் ஒவ்வொரு வருடமும் ஆட்டங்களை டிவிடியாக விற்குமாம். உன் அம்மா வாங்கி, மிளகாய்த்தூள் பார்சலுக்குள் வைத்து எனக்கு அனுப்புவாள். "பத்திரமா வையுங்கோ, பாக்காதையுங்கோ. உங்கடை கண்ணும் என்ரை கண்தான்" என்று துண்டும் இருக்கும். பதினொன்றும் பிஸ்கற் ரின்னுக்குள் இருக்கின்றன. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. உன் ஆட்டத்தைப் பற்றி ஏன் இவ்வளவு விடுத்து விடுத்துக் கேட்கிறேன் என்று இப்போது விளங்கும்.

அந்த ஊதல் எதற்கு ஊதுவது? இது என் கேள்வி.

பெரியம்மா


ஸ்காபறோ
12 டிசெம்பர் 2023

பெரியம்மா,

அந்த ஊதல், எங்கள் அணி கோல் போட்டால் ஊதுவது. எங்கள் அரங்கில் எங்கள் கோலுக்கு மட்டும்தான் ஊதுவார்கள். எதிரணி போட்டால் சத்தமே இருக்காது.

நீங்களும் அம்மாவும் பதினொரு வருடம் எங்கள் அணி கோல் போடக்கூடாது என்று கும்பிட்டிருக்கிறீர்கள். அப்படியும் நாங்கள் மூன்று தரம் சம்பியன் ஆகியிருக்கிறோம். பிள்ளையார் இரண்டு பக்கமும் கேட்டுக் குழம்பியிருப்பார்.

இதை எழுதிச் சிரித்துவிட்டுப் பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். பெரியம்மா, ஆட்டம் முடிந்து நான் வெளியே வரும்போது கார் எப்போதும் சூடாக இருக்கும். வெளியில் பனி கொட்டும், உள்ளே கண்ணாடி முழுக்க மூச்சுப்பட்டுப் புகார் பிடித்திருக்கும். "இப்பத்தான் வந்தனீங்களோ?" என்று கேட்பேன். "ஓம், இப்பத்தான்" என்பா. அப்போதுதான் வந்த காரின் கண்ணாடியில் அவ்வளவு புகார் பிடிக்காது. நான் ஒருநாளும் அதை யோசிக்கவில்லை. எதிராளியின் நெஞ்சைப் பார்க்கத் தெரிந்த எனக்குக் கார்க் கண்ணாடியைப் பார்க்கத் தெரியவில்லை.

அந்த ரின்னைத் திறவுங்கள். நான் இப்போது கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள், எந்தக் கண்ணும் என்னை ஒன்றும் செய்யாது. எல்லாவற்றையும் பாருங்கள். பக்கைத் துரத்தாதீர்கள், களைத்துப்போவீர்கள். இருபத்தேழை மட்டும் பாருங்கள்.

இனி ஒளிக்காதீர்கள். மற்றப் பாதி என்ன? பதக்கத்துக்கு ஈடாக எதைக் கேட்டீர்கள்?

கேசிகா


பலேர்மோ
4 ஜனவரி 2024

என் பிள்ளைக்கு,

புது வருடம் உனக்கு நல்லபடியாக இருக்கவேண்டும்.

ரின்னைத் திறந்தேன். சின்யோராவின் வீட்டில் பழைய பிளேயர் இருக்கிறது. கிறிஸ்மஸ் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் உன் ஆட்டம்தான் பார்த்தோம். சின்யோரா மடியில் சியாகுல்லி மண்டரீன் பழத்தை வைத்து உரித்துக்கொண்டு, உன்னைத் தள்ளினவளை எல்லாம் சிசிலிப் பாஷையில் திட்டுகிறா. அந்தச் சொற்களை நான் இந்த வீட்டில் முப்பது வருடத்தில் கேட்டதில்லை. நானும் இப்போது நெஞ்சைப் பார்க்கப் பழகிவிட்டேன். மூன்றாவது வருடத்தில் ஒரு நெட்டைப்பிள்ளையை மூலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி வருகிறாய். அதை நாலு தரம் போட்டுப் பார்த்தேன். ஒன்பது கோலைப் பற்றிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

பத்துப் பார்த்தோம். பதினோராவதை நான் போடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2016 பெப்ரவரியில் உன் அம்மா போன் எடுத்தாள். "அக்கா, இவளுக்குத் தலையிலை ஏதோ செய்யுது. கேத்திலை அடுப்பிலை வைச்சிட்டு மறந்துபோறாள். ஒரே கதையை ரெண்டுதரம் சொல்லுறாள். கேட்டால் ஒண்டுமில்லை எண்டுறாள். நான் சொல்லி விடமாட்டாள். நீங்கள் மலைக்குப் போய்ச் சொல்லுங்கோ."

போனேன். பழைய கல்லுப் பாதையில் வெறுங்காலோடு ஏறினேன். குகைக்குள் நின்று கேட்டது இதுதான்: "தாயே, இவளின்ரை விளையாட்டு நிக்கவேணும். நிண்டால் இவளின்ரை பதக்கம் ஒண்டை உன்ரை காலடியிலை வைப்பன்."

நாங்கள் வெற்றியைக் கேட்கவில்லை, பிள்ளை. நிற்கவேண்டும் என்று கேட்டோம். எப்படி நிற்கவேண்டும் என்று சொல்லாமல் வந்துவிட்டேன். சந்தையில் மீன் வாங்கும்போதுகூட வாலா தலையா என்று சொல்லி வாங்குகிறவள் நான். அன்றைக்குச் சொல்லவில்லை. நாலு கிழமையில் உன் அம்மாவின் போன் வந்தது. "அக்கா, கேட்டதைத் தந்திட்டா." பிறகு அவள் சாகும்வரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

அன்றிலிருந்து நான் மலைக்குப் போகவில்லை. கேட்கிறவர்களுக்கு முழங்கால் நோவு என்று சொல்கிறேன். பதக்கத்தை உன்னிடம் கேட்டால் எதற்கு என்று சொல்லவேண்டும். அதற்குப் பயந்தே இவ்வளவு வருடம் இருந்தேன். உன் தலையிடி ஒவ்வொன்றும் நான் வாங்கித் தந்தது என்று நினைத்துக்கொண்டு இருக்கிறேன்.

திட்டவேண்டும் என்றால் திட்டி எழுது.

பெரியம்மா


பலேர்மோ
1 பெப்ரவரி 2024

கேசிகா,

கடிதம் கிடைத்ததா? ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். கரண்ட் பில் மட்டும் வருகிறது. சின்யோராவும் "பிள்ளை எழுதினாளா?" என்று கேட்கிறா. தபால் பிந்துகிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒரு வரி போதும்.

பெரியம்மா


ஸ்காபறோ
5 பெப்ரவரி 2024

பெரியம்மா,

உங்கள் ஜனவரிக் கடிதம் கிடைத்தது. பத்து நாள் அதை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன். திட்டி இரண்டு கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை. என் விளையாட்டை நிறுத்தச் சொல்லி என்னைக் கேட்காமல் இரண்டு பேர் தெய்வத்திடம் மனுக் கொடுத்திருக்கிறீர்கள். கோபம் வந்தது உண்மை. ஆனால் அதைவிட வேறு ஒரு கோபம் வந்தது. என் ஆட்டத்தை முடித்தது நீங்கள் இரண்டு பேரும் என்று நினைத்துக்கொண்டு அம்மா மூன்று வருடம் வாழ்ந்து செத்துப்போனா. அது எப்படி உங்களுடையதாகும்?

நானும் ஒரு விஷயம் ஒளித்தேன். அந்த 2016 ஜனவரியில் டொக்டர் என்னிடம் இன்னொரு அடி பட்டால் ஆபத்து, நிறுத்து என்று சொன்னார். நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை, கழகத்துக்கும் சொல்லவில்லை. தெரிந்துகொண்டுதான் விளையாடினேன்.

கடைசி ஆட்டம் எனக்கு ஞாபகமே இல்லை. காலையில் சப்பாத்துக் கயிறு கட்டியது தெரியும். அடுத்தது ஆஸ்பத்திரிக் கூரை. அந்த ஆட்டத்தை ஒரு கோலால் வென்றோம் என்று சொன்னார்கள். நான் தடுத்ததால்தான் வென்றோம் என்றும் சொன்னார்கள். விலக நேரமிருந்ததா என்று கேட்டால் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். "நீ வீராங்கனை" என்கிறார்கள். நான் அதைக் கேட்கவில்லை. ஆட்டம் தெரிந்தவர்கள் எனக்காகப் பொய் சொல்வார்கள். திரையில் நானே பார்ப்போம் என்று இரண்டு தரம் முயன்றேன். ஐஸின் வெள்ளை ஓடத் தொடங்கியதும் வாந்தி வந்தது.

நீங்கள் பாருங்கள். பதினோராவது டிவிடி, அரையிறுதியின் கடைசிப் பத்து நிமிடம். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். இத்துடன் ஒரு பதக்கம் வருகிறது. 2016இல் இரண்டாம் இடத்துக்குத் தந்த வெள்ளிப் பதக்கம். தபாலில் வந்த உறையை நான் இன்னும் பிரிக்கவில்லை, கண்ணாடிப் பெட்டிக்கும் அதை யாரும் கேட்கவில்லை.

எனக்கு விலக நேரம் இருக்கவில்லை என்றால், நேர்த்தி பலித்தது. பதக்கம் சாந்தா றொசாலியாவுக்கு. கொண்டுபோய் வையுங்கள். நேரம் இருந்தும் நான் நின்றேன் என்றால், என் ஆட்டத்தை நிறுத்தியது நான்தான், அவ இல்லை, நீங்களும் இல்லை, அம்மாவும் இல்லை. அப்படியென்றால் திருப்பி அனுப்புங்கள். மார்ச் இரண்டாம் திகதி அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பேசுவேன்.

கூரியரில் அனுப்புகிறேன். நீங்களும் கூரியரில் அனுப்புங்கள்.

கேசிகா


பலேர்மோ
19 பெப்ரவரி 2024

என் பெறாமகள் கேசிகாவுக்கு,

பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கே பின்னேரம் பார்த்தோம்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். எந்தப் பதில் எனக்கு வசதி என்று எனக்கு நன்றாகத் தெரியும். உனக்கு நேரம் இருந்தது என்று எழுதினால் என் தலையிலிருந்து எட்டு வருடப் பாரம் இறங்கும். அதனால் என்னை நானே நம்பவில்லை. ஆறு தரம் பார்த்தேன். சின்யோராவுக்கு நேர்த்தியைப் பற்றியும் உன் கேள்வியைப் பற்றியும் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் சாட்சிக்கு இருத்தினேன்.

நான் கண்டது இது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கிறது. உங்கள் கோல் காக்கிறவள் மற்றப் பக்கம் வழுக்கி விழுந்து கிடக்கிறாள், கோல் திறந்து கிடக்கிறது. எதிரணியில் ஒரு பெரிய பிள்ளை பக்கைத் தள்ளிக்கொண்டு தனியாக வருகிறாள். உன் மற்றத் தோழி எட்டாத தூரத்தில் நிற்கிறாள். நீ வழக்கம்போல அவளைப் பார்த்தபடி பின்பக்கமாகப் போகிறாய். அவளின் நெஞ்சு நேராக உன்னை நோக்கி வருகிறது. சுவர்ப்பக்கம் ஒதுங்கவில்லை, நிற்கிற யோசனையும் அவளுக்கு இல்லை. எனக்கே தெரிந்தது, உனக்குத் தெரியாமல் இருக்காது. உன் வலது கைப்பக்கம் இரண்டு ஆள் அகலத்துக்கு வெறும் ஐஸ் கிடந்தது. ஒரு தள்ளுத் தள்ளினால் போய்விடலாம்.

அப்போது நீ திரும்பிப் பார்த்தாய்.

பத்து டிவிடியிலும் நீ ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. நீ எழுதினது உண்மையா என்று நான் பார்த்துக்கொண்டே வந்தனான். அன்றைக்கு மட்டும் தோளுக்கு மேலால் தலையைத் திருப்பி, கோலைப் பார்த்தாய். வெறுமையாக இருப்பதைக் கண்டாய். பிறகு முன்னுக்குத் திரும்பி, ஒரு முழங்காலை ஊன்றி, தடியை நிலத்தில் நீட்டினாய். பக் உன் தடியில் பட்டு மூலைக்குப் போனது. அவளால் நிற்க முடியவில்லை. அவளின் முழங்கால் உன் ஹெல்மெற்றில் பட்டது. அதற்கு மேல் எழுதவில்லை.

நீ திரும்பிப் பார்த்ததிலிருந்து அவள் மோதும்வரை எண்ணினேன். ஆறு தரமும் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு முறையும் மூன்று வந்தது. ஒரு ஆள் விலகுவதற்கு ஒன்று போதும்.

சின்யோரா ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி நிற்பாட்டிவிட்டுச் சொன்னா: "போதும், யோகா. பிள்ளை பார்த்துவிட்டுத்தான் முழங்கால் ஊன்றினாள். அந்த முகம் எனக்குத் தெரியும். என் அலுமாரிக்கு முன்னால் வந்து நிற்கிற முகம்."

நேற்று ஞாயிறு மலைக்குப் போனேன். எட்டு வருடத்துக்குப் பிறகு. முழங்கால் உண்மையாகவே நோகிறது, பொய் சொன்னதற்குத் தண்டனைபோல. பஸ்ஸில் போகலாம்தான், நடந்தே ஏறினேன். பதக்கத்தின் உறையை நான்தான் பிரித்தேன், காட்டுவதென்றால் வடிவாகக் காட்டவேண்டாமா? சாந்தா றொசாலியாவுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "தாயே, இது தரக் கொண்டுவரேல்லை. காட்டக் கொண்டுவந்தனான். இவள் தானாத்தான் நிண்டவள். நான் இவ்வளவு காலமும் உன்னிலை பழி போட்டுக்கொண்டிருந்திட்டன். மன்னிச்சுக்கொள்." கூரையிலிருந்து ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது. அது அங்கே எல்லோருக்கும் விழுகிறதுதான், நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மேடையில் உன் அம்மாவுக்கு நன்றி சொல்லு. காருக்குள் இருந்தாள் என்று சொல்லு. ஊதலைப் பற்றியும் சொல்லு, சனம் சிரிக்கட்டும். அவள் இருந்தால் நான் போன் எடுத்துச் சொல்லியிருப்பேன்: குகனேஸ், நாங்கள் ஒன்றும் செய்யேல்லை, பிள்ளைக்கு மூன்று எண்ணுற நேரம் இருந்தது. இனி அவளுக்குச் சொல்ல முடியாது. அதனால் உனக்குச் சொல்கிறேன்.

பதக்கம் இத்துடன் வருகிறது. அது உன்னுடையது.

பெரியம்மா யோகாம்பாள்